ஒரே சாட்சி போதாது
எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையில் தவறான "பாசிட்டிவ்" – ஒரு பாடம்



ஐக்கியக் கூட்டங்களிலும் வாலிபர் சங்கங்களிலும் வாசித்துக் கலந்துபேசத்தக்க ஒரு மருத்துவப் பாடத்தை இந்த இதழில் எழுதுகிறோம். பொருள் சற்றுக் கடினமானது. ஆயினும் ஒரு குடும்பத்தை ஒரே நாளில் உடைத்துப்போடக்கூடிய காரியமாக இருப்பதால், ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற எங்களுக்கு மட்டுமல்ல, சபையில் இருக்கிற உங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பொறுமையோடு வாசியுங்கள். முடிவில் சில கேள்விகளும் கொடுத்திருக்கிறோம்.

ஒரு துண்டுச் சீட்டு

அவருடைய பெயரும் ஊரும் வேண்டாம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து, தம் தாயாரோடு மின்சார ரயிலில் வந்து இறங்கினார். மூன்றாவது பிரசவம், ஏழாம் மாதம். வெளியே ஒரு லேபில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அதில் ஒரே வரி: "எச்.ஐ.வி. – பாசிட்டிவ்". எந்த கிட்டில் பார்த்தார்கள், எத்தனை முறை பார்த்தார்கள், மறுபடி பார்க்க வேண்டுமா என்பது எதுவும் அதில் இல்லை.

அந்தச் சீட்டு அவருக்குமுன் வீட்டாரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணவருக்குச் சோதித்தார்கள், அவருக்கு இல்லை. அப்படியானால் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்று இரவே எழுந்தது. மறுநாள் காலையில் இவருடைய தட்டும் தம்ளரும் அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வந்தன. மூத்த பிள்ளைகள் இருவரையும் அத்தை தம்மோடு வைத்துக்கொண்டார். இவர் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எங்களிடம் வந்தபோது அது ஒன்பதாவது நாள்.

எங்கள் ஆலோசகரான சகோதரி அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதலாவது கேட்ட கேள்வி இதுதான்: "எத்தனை டெஸ்ட் எடுத்தாங்கம்மா?"

"ஒண்ணுதான் சிஸ்டர். விரல்ல குத்தி எடுத்தாங்க."

"அப்படின்னா இன்னும் முடிவு ஆகலைம்மா. ஆகாததை ஆனதா நினைக்க வேண்டாம். நீங்க சம்மதிச்சா திரும்பவும் பார்ப்போம்."

அந்த அம்மாள் சம்மதித்தார். புதிதாக இரத்தம் எடுத்து, வெவ்வேறு முறையில் செயல்படும் மூன்று கிட்டுகளில் பார்த்தோம். முதல் கிட்டில் மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. இரண்டாவதில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. அரசு வகுத்த முறைப்படி இதற்கு "நெகட்டிவ்" என்றே பொருள். ஆனாலும் அவருடைய மனம் முழுவதும் தெளிய வேண்டுமென்று அரசு நம்பிக்கை மையத்துக்கும் அனுப்பி, சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்கச் செய்தோம். அங்கும் நெகட்டிவ். அவருக்கு எச்.ஐ.வி. கிருமி ஒருபோதும் இருந்ததில்லை.

பிரியமானவர்களே, பரிசோதனை எப்படித் தவறும் என்று பலர் எங்களைக் கேட்கிறார்கள். இந்தப் பாடம் அந்தக் கேள்விக்குப் பதில்.

பரிசோதனை எதைப் பார்க்கிறது?

சாதாரண எச்.ஐ.வி. சோதனைகளில் பெரும்பாலானவை கிருமியை நேரே தேடுவதில்லை. கிருமி உடலுக்குள் வந்தால், அதை எதிர்த்து நம் இரத்தம் சில புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றை எதிர்ப்பொருள் என்கிறோம். சோதனை தேடுவது இந்த எதிர்ப்பொருளை. திருடனைக் காணாமல் அவன் கால்தடத்தைக் கண்டு "வந்திருக்கிறான்" என்று சொல்லுவதைப் போன்றது இது.

எலைசா என்னும் சோதனையில், சிறுசிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் கிருமியின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். இரத்தத்தின் தெளிந்த நீரை அதில் விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததையெல்லாம் கழுவி நீக்கியபின், நிறம் காட்டும் மருந்தைச் சேர்ப்பார்கள். நிறம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் அது "ரியாக்டிவ்". விரலில் குத்தி எடுக்கும் துரித சோதனையும் ஏறக்குறைய இதே தத்துவந்தான். நிறத்துக்குப் பதிலாகக் கோடோ புள்ளியோ தெரியும்.

அந்தக் குறிப்பிட்ட அளவைச் சோதனையை உண்டாக்கியவர்கள் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள். ஏனெனில் முதல் சோதனையின் வேலை ஒருவரையும் தவறவிடாமல் பிடிப்பது. இரத்த வங்கியில் கிருமியுள்ள ஒரு பையைத் தவறவிட்டால் அது ஒரு நோயாளியின் உடலுக்குள் போய்விடும். ஆகவே சந்தேகத்துக்கு இடமுள்ளதையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். வீட்டைக் காக்கிற நாய் திருடனைக் கண்டும் குரைக்கும், தபால்காரரைக் கண்டும் குரைக்கும். குரைப்பது அதன் கடமை. வந்தவர் யார் என்று எழுந்து பார்ப்பது நம் கடமை. ஒரே சோதனையின் "ரியாக்டிவ்" என்பது நாய் குரைத்த சத்தம். அதை முடிவு என்று எழுதிக் கொடுப்பது தவறு.

தவறு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, உடலிலிருந்து வருகிறது. நம் இரத்தத்தில் ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருட்கள் உள்ளன. அவற்றில் ஏதாவது ஒன்று, எச்.ஐ.வி.யோடு சம்பந்தமே இல்லாமல், கிட்டில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். கர்ப்பம், தன் உடலையே தாக்கும் நோய்கள், அண்மையில் போட்ட சில தடுப்பூசிகள், சில ஒட்டுண்ணி நோய்கள், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகிய நிலைகளில் இப்படி நேர்ந்தது உண்டு.

1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தலைமுறைச் சோதனைகளில், மனித வெள்ளணுக்களில் வளர்த்த கிருமியை உடைத்துப் பயன்படுத்தினார்கள். அந்த வெள்ளணுக்களின் துணுக்குகளும் கிட்டிலே தங்கிவிட்டன. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் இரத்தத்தில், பிறருடைய வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருட்கள் இருப்பது வழக்கம். அவை அந்தத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு பொய்யான பாசிட்டிவைக் காட்டின. தாய்மையின் அடையாளமே தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னது! பிறகு வந்த சோதனைகளில் ஆய்வுக்கூடத்தில் தனியாகச் செய்த புரதங்களைப் பயன்படுத்துவதால் இந்தத் தவறு வெகுவாகக் குறைந்துவிட்டது. முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. அக்காலத்தில் சையர் என்று அழைக்கப்பட்ட காங்கோ நாட்டில் குஷ்டரோகிகளிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி 1994-ல் வெளியாயிற்று. குஷ்டரோகக் கிருமிக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருட்கள் எச்.ஐ.வி. சோதனையிலும் ஒட்டிக்கொண்டு பொய்யான முடிவைக் காட்டக்கூடும் என்று அதில் கண்டார்கள். ஏற்கெனவே ஒரு நோயின் நிமித்தம் ஒதுக்கப்பட்டவரை, இல்லாத இன்னொரு நோயின் நிமித்தமும் ஒதுக்குவது எவ்வளவு கொடுமை!

இரண்டாவது, கைகளிலிருந்து வருகிறது. குழாயில் பெயர் மாற்றி ஒட்டுவது, இரத்தம் சரியாக உறையுமுன் தெளிநீரை எடுத்துவிடுவது, எலைசா தட்டைச் சரியாகக் கழுவாமல் விடுவது, காலாவதியான கிட்டைப் பயன்படுத்துவது, மின்வெட்டில் ஃபிரிட்ஜ் சூடேறியதைக் கவனியாமல் விடுவது, 20 நிமிடத்துக்குள் படிக்க வேண்டிய கோட்டை ஒரு மணி நேரம் கழித்துப் படிப்பது போன்றவை எல்லாம் பொய்யான முடிவைத் தரக்கூடும்.

இதை மற்றவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் லேபிலும் ஒருமுறை நேர்ந்தது. அவசரப் பிரசவத்துக்கு இரத்தம் சேர்த்துப் பார்க்க ஓடிய தொழில்நுட்பர், திரும்பி வந்து, காய்ந்துபோன அட்டையில் தெரிந்த மங்கலான கோட்டைக் குறித்து வைத்துவிட்டார். மாலைப் பணிக்கு வந்தவர் நேரத்தைக் கவனித்து மறுபடி செய்ததால், அந்தத் தவறு லேபின் கதவைத் தாண்டவில்லை. கதவைத் தாண்டியிருந்தால்? அதை நினைத்து அன்று நாங்கள் நடுங்கினோம். ஒருவர் படித்ததை இன்னொருவர் படித்துக் கையெழுத்திடாமல் எச்.ஐ.வி. முடிவு வெளியே போகக்கூடாது என்ற ஒழுங்கு அதிலிருந்து வந்தது.

ஒரு சிறிய கணக்கு

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை சரியாகச் சொல்லும் சோதனை என்றால் அது போதாதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. அதாவது ஆயிரத்தில் இரண்டு பேர். 10,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்குக் கிருமி இருக்கும். அந்த 20 பேரையும் சோதனை பிடித்துவிடுகிறது என்றே கொள்வோம். மீதி 9,980 பேருக்குக் கிருமி இல்லை. சோதனை இவர்களில் 99.5 விழுக்காட்டினரைச் சரியாக "இல்லை" என்று சொன்னாலும், அரை விழுக்காட்டினரை, அதாவது ஏறக்குறைய 50 பேரைத் தவறாக "உண்டு" என்று சொல்லும்.

இப்போது "பாசிட்டிவ்" என்று வந்தவர்கள் மொத்தம் 70 பேர். உண்மையில் கிருமி உள்ளவர்கள் 20 பேர் மாத்திரமே. சீட்டு வாங்கினவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் குற்றமற்றவர்கள்! சோதனை கெட்டது என்பதனால் அல்ல. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் எந்த நல்ல சோதனைக்கும் இப்படித்தான் ஆகும்.

இந்த 70 பேரின் இரத்தத்தையும், வேறு புரதமும் வேறு முறையும் கொண்ட, அதே அளவு நல்ல இரண்டாவது சோதனையில் பார்த்தால், தவறாக வந்த 50 பேரில் ஏறக்குறைய எல்லாரும் விடுபடுவார்கள். கணக்கின்படி அப்படியும் தப்பாமல் மாட்டிக்கொள்ளுகிறவர் 40,000 பேருக்கு ஒருவர். மூன்றாவது சோதனை அவரையும் விடுவிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கிட்டில் மூன்று முறை செய்தால் இந்த நன்மை கிடையாது. அந்த அம்மாளின் இரத்தத்தில் எந்தப் பொருள் அந்தக் கிட்டோடு தவறாக ஒட்டியதோ, அது மறுபடியும் ஒட்டும். ஒரே சாட்சி மூன்று முறை சொன்னால் மூன்று சாட்சியாகுமா? ஆகவேதான் வெவ்வேறு கிட்டு அவசியம் என்கிறோம். வெவ்வேறு கிட்டுகளும் சில வேளைகளில் ஒரே தவறைச் செய்யக்கூடும். 2009-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காங்கோவில் தன் பரிசோதனை மையம் ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டு துரித சோதனைகளிலும் பாசிட்டிவ் என்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உறுதிசெய்யும் சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்தது. இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவது சாட்சியையும் கேட்பது ஏன் என்று இதனால் விளங்கும்.

நம் ஊரிலேயே கற்றுக்கொடுத்த பாடம்

இந்த ஒழுங்கை யாரோ வெளிநாட்டார் வந்துதான் நமக்குக் கற்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட விதமே இதற்கு நல்ல உதாரணம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா தம் ஆய்வுக்காகச் சென்னையில் பெண்கள் காப்பகத்தில் இருந்தவர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் இந்த நோய் இருக்காது என்றே அன்று பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். சோதிக்கும் வசதியும் அங்கே இல்லை. ஆகவே 1986 பிப்ரவரியில் மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையில் இருந்த வைரஸ் ஆய்வுக்கூடத்தில் எலைசா செய்யும் வசதி இருந்தது.

ஆறு மாதிரிகள் நிறம் மாறின. ஒரு தேசத்துக்கே அதிர்ச்சியான செய்தி! உடனே பத்திரிகைக்குச் சொல்லியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அதே மாதிரிகளை மறுபடி பார்த்ததோடு நிற்காமல், அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக இரத்தம் எடுத்தார்கள். குழாய் மாறியிருக்கலாம் அல்லவா? பிறகு மாதிரிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறுவகைச் சோதனை செய்யப்பட்டது. கிருமியின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து, எதிர்ப்பொருள் எந்தெந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அது. அதிலும் உறுதியான பின்னரே அரசுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் தெரிவித்தார்.

மறுபடி எடுத்த இரத்தம், வேறுவகைச் சோதனை, வேறொரு ஆய்வுக்கூடம் என்று மூன்று வேலிகளைக் கடந்து வந்த முடிவு ஆகையால், "இந்தியாவில் இது இருக்கமுடியாது" என்று சந்தேகித்தவர்களுக்கு முன்பாக அது நிலைநின்றது.

இன்றைய ஒழுங்கு

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 1992-ல் ஏற்பட்டது. அதன் வழிமுறைப்படி, நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று சொல்ல, வெவ்வேறு புரதம் அல்லது வெவ்வேறு தத்துவம் கொண்ட மூன்று சோதனைகளிலும் ரியாக்டிவ் என்று வரவேண்டும். முதலாவது, ஒருவரையும் தவறவிடாத சோதனை. இரண்டாவதும் மூன்றாவதும், தவறாகக் குற்றஞ்சாட்டாத சோதனைகள். முதல் சோதனையிலேயே இல்லை என்று வந்தால் அதோடு நெகட்டிவ். முதலாவதில் மட்டும் வந்து மற்ற இரண்டிலும் வராவிட்டாலும் நெகட்டிவ். மூன்றில் இரண்டு வந்து ஒன்று வராவிட்டால், உண்டென்றும் இல்லையென்றும் சொல்லாமல், 2 முதல் 4 வாரங்கள் கழித்துப் புதிய இரத்தத்தில் மறுபடி பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் மூன்று சோதனை முறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

இரத்த வங்கியின் முறை வேறு. அங்கே ஒரே சோதனையில் ரியாக்டிவ் என்றால் போதும், அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள். அது பையைப் பற்றிய தீர்ப்பே தவிர, கொடுத்தவரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அவரை அழைத்து, நம்பிக்கை மையத்தில் முழுச் சோதனை செய்துகொள்ளும்படி அனுப்புவார்கள். சபைகளில் இரத்ததான முகாம் நடத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வைக்கவேண்டும்.

பச்சிளம் குழந்தைகளின் காரியமும் தனி. எச்.ஐ.வி. உள்ள தாயின் எதிர்ப்பொருட்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து, 18 மாதம் வரைக்கும் தங்கக்கூடும். ஆகவே கிருமி இல்லாத குழந்தைக்கும் சாதாரணச் சோதனை பாசிட்டிவ் காட்டும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 6 வாரத்திலிருந்து கிருமியையே நேரே தேடும் சோதனை செய்யப்படுகிறது. 18 மாதத்தில் எதிர்ப்பொருள் சோதனையால் முடிவு உறுதிசெய்யப்படுகிறது. ஆதலால் கைக்குழந்தையின் ஒரு சீட்டைப் பார்த்து யாரும் முடிவு கட்டவேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தவறான நெகட்டிவும் உண்டு. கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் தோன்றியிராது. அக்காலத்தில் சோதனை "இல்லை" என்று சொல்லக்கூடும். அண்மையில் தொற்றுக்கு இடமிருந்தவர்கள் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தப்புவிக்கும் உண்மையும் உண்டு

இந்தப் பாடத்தை வாசித்து, "பாசிட்டிவ் என்று வந்தாலும் அது பொய்யாக இருக்கும்" என்று யாரேனும் ஆறுதல் பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டால், நாங்கள் நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்தவர்களாவோம். ஒரு சோதனையின் முடிவைச் சந்தேகிக்கலாம். மூன்று சோதனைகளும் ஒருமுகமாகச் சொன்னதைச் சந்தேகித்து நாளைக் கடத்தக்கூடாது.

அந்த அம்மாள் வந்த அதே வருடத்தில் வேன் ஓட்டும் ஒரு சகோதரர் வந்தார். இவருக்கும் கையில் ஒரு சீட்டு. இவரும் "தப்பா இருக்கும், பாருங்க டாக்டர்" என்றார். மூன்றிலும் ரியாக்டிவ். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவர் கையில் கொடுக்க எங்களிடம் ஒரு பதில் இருந்தது: தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனை.

டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக ஏற்படுத்திய சானடோரியம், 1937-ல் அரசின் கைக்கு வந்தது. மற்ற இடங்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொடவே தயங்கிய 1993-ல் அவர்களுக்கு அங்கே கட்டில் கிடைத்தது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்தச் சகோதரர் இன்றும் மருந்து எடுக்கிறார். இன்றும் வேன் ஓட்டுகிறார்.

2017 முதல் நம் நாட்டில், முடிவு உறுதியான எல்லாருக்கும் தாமதமின்றி மருந்து தொடங்கப்படுகிறது. இது மிகுந்த நன்மை. ஆனால் இதனாலேயே பரிசோதனையின் உண்மை முன்னிலும் அதிக முக்கியமாகிவிட்டது. முடிவு தவறாக இருந்தால், நோயில்லாதவர் ஆயுள் முழுவதும் மருந்து விழுங்க நேரிடும் அல்லவா?

சபையார் செய்யக்கூடியவை

ஒரே சாட்சியின் சொல்லைக்கொண்டு ஒருவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்பது வேதத்தின் பழைய ஒழுங்கு. நம் சபையார் இதை நன்றாய் அறிந்தவர்கள். அதை ஒரு இரத்தச் சீட்டுக்கும் பொருத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஒருவர் கலங்கிய முகத்தோடு ஒரு சீட்டைக் கொண்டுவந்தால், "எப்படி வந்தது?" என்று கேட்காதீர்கள். "எத்தனை சோதனை செய்தார்கள்?" என்று கேளுங்கள். அருகிலுள்ள அரசு நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே சோதனை இலவசம். 1097 என்ற கட்டணமில்லாத தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும்.

கேட்டதை மற்றவருக்குச் சொல்லாதீர்கள்; ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்லாதீர்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருடைய சம்மதமின்றி அவரைச் சோதிப்பதும், அவருடைய நிலையை வெளிப்படுத்துவதும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. திருமணத்துக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள விரும்பும் வாலிபர்கள், இருவருமாகச் சம்மதித்து, ஆலோசனை கிடைக்கும் மையத்திலே செய்துகொள்வது நல்லது. சீட்டு அவர்கள் கைக்குத்தான் வரவேண்டும். பெற்றோர் கைக்கோ கமிட்டியின் கைக்கோ அல்ல.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் கிட்டுக்கு மட்டுமல்ல, இரண்டாவது, மூன்றாவது கிட்டுக்கும் போகிறது. மின்வெட்டிலும் ஃபிரிட்ஜை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் இன்வெர்ட்டருக்கும், காலையும் மாலையும் அந்த வெப்பநிலையை எழுதிவைக்கும் நோட்டுக்கும் போகிறது. வெளியிலிருந்து பெயரின்றி வரும் மாதிரிகளைச் சோதித்து, எங்கள் முடிவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டுக்கும், கதவைச் சாத்தி ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் ஆலோசகருக்கும் போகிறது. இவற்றில் ஒன்றையும் புகைப்படம் எடுத்து இதழில் போடமுடியாது. ஒரு வீடு உடையாமல் நின்றதைப் படம் எடுப்பது எப்படி?

அந்த அம்மாளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று, பெண் குழந்தை. மூன்றாம் நாள் அத்தை வந்தார். வார்டுக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குச்சட்டியில் கஞ்சி. "உள்ளே போங்கம்மா" என்று தாதி சொன்னபோது, "அவ கூப்பிடுவாளான்னு தெரியலையே" என்றார். உள்ளேயிருந்து அழைப்பு வரச் சற்று நேரமாயிற்று. ஆனால் வந்தது.

அந்த ஒன்பது நாட்களை எந்தச் சீட்டும் அவருக்குத் திருப்பித் தராது. இன்னொருவருக்கு அந்த ஒன்பது நாட்கள் வராமல் காக்க நம்மால் முடியும். எங்கள் லேபுக்காகவும், அங்கே கண்விழித்துப் பணிசெய்கிறவர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கலந்துபேசச் சில கேள்விகள்

1. முதல் சோதனையின் "ரியாக்டிவ்" ஏன் முடிவு ஆகாது? நாய் குரைக்கும் உதாரணத்தைக்கொண்டு உங்கள் வீட்டாருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

2. மேலே சொன்ன கணக்கை, ஆயிரத்தில் இருபது பேருக்கு நோய் இருக்கும் ஓர் இடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் கிருமி இருக்கும்? நம் நாட்டுக் கணக்கிலிருந்து அது ஏன் மாறுகிறது?

3. ஒரே கிட்டில் மூன்று முறை சோதிப்பதும், மூன்று கிட்டுகளில் ஒவ்வொரு முறை சோதிப்பதும் ஏன் ஒன்றல்ல?

4. இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்த வாலிபர் ஒருவருக்கு இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவர் உங்களிடம் வந்து சொன்னால், நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்? எதைச் சொல்லாமல் இருப்பீர்கள்?

5. அந்த அத்தையின் இடத்தில் நாம் இருந்திருந்தால், முதல் நாள் இரவில் என்ன செய்திருப்போம்?